சீருக்குப் பொறுக்கின ஆடு

அது நாய் முனகல் இல்ல தாயி. என் மக. மூத்தவ, பூமயிலு. அந்தக் குடிசைக்குள்ள படுத்திருக்கா. பொழுது சாயச் சாயக் காச்சல் ஏறும். ஏறுறப்ப அப்படி ஒரு சத்தம் போடுவா. பயப்படாதீக, ஒட்டுவாரொட்டி எல்லாம் இல்ல. இந்தச் சாக்குல உக்காருங்க. உங்க வயலு, உங்க வரப்பு, நீங்க நிக்க நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு.

ஆடு மேய்ச்சல்ல இருக்கு. எங்க வீட்டுக்காரவுக பத்திக்கிட்டுப் போயிருக்காக. வந்ததும் கிடையைத் தெக்குப் பக்கமா மாத்திப் போடச் சொல்றேன். உங்க வயல்ல ஒரு மூலை விடாமப் புழுக்கை விழுந்துரும். அடுத்த போகத்துல நெல்லு குறைஞ்சா இருளாயின்னு என் பேரைச் சொல்லித் திட்டுங்க, எங்க இருந்தாலும் எனக்குப் பொறையேறும். இந்தக் கொடாப்புக்குள்ள கத்துறதுக எல்லாம் இந்த வாரம் பெறந்த குட்டிக. கூடை மாதிரிக் கவுத்து வைக்கலைன்னா நரி தூக்கிரும். தொடுங்க, ஒண்ணும் செய்யாது.

கல்யாணம் ஆகலையான்னு கேக்குறீகளா? ஆகி வருசம் நாலாச்சு. இளையாங்குடிப் பக்கம் குடுத்தோம். சம்பந்தகாரவுகளும் எங்களை மாதிரி ஊரு ஊராக் கிடை போடுற சனந்தான். மருமகன் கூரிச்சாமி தங்கமான புள்ள, அதை நான் எந்தச் சாமி முன்னாலயும் சொல்லுவேன். அவன் ஆத்தாகாரி இருக்காளே சிகப்பி, அவ பேரைச் சொன்னா இப்பவும் என் நாக்கு கசக்குது. என் மகளை அந்த வீட்டுல நிறுத்தணும்னு நான் பட்ட பாடு ஒரு தாயும் பட்டிருக்க மாட்டா. நிறுத்த முடியல. அதுதான் கதை, வேற ஒண்ணும் இல்ல.

உங்க பக்கத்துல பொண்ணுக்கு என்ன செய்வீக? நகை போடுவீக, கட்டில் பீரோ குடுப்பீக. எங்க சனத்துல அதெல்லாம் ரெண்டாம் பட்சம். சீர் ஆடுதான் முக்கியம். பொண்ணு கூடவே ஒரு பட்டி ஆடு போகும். எல்லாம் பொட்டை ஆடு. அது பெருகுறதுதான் பொண்ணுக்கு அந்த வீட்டுல மரியாதை. காதுல எங்க வீட்டு வெட்டு இருக்கும். நுனியில ஒரு கொத்து, அடியில ஒரு கொத்து. எம்புட்டுப் பெரிய கிடையில போயிக் கலந்தாலும் இது இருளாயி மக ஆடுன்னு தூரத்துல நின்னே சொல்லிரலாம். சீர் ஆடு வீட்டுல இருக்குற வரைக்கும் பொண்ணு அந்த வீட்டுப் பொண்ணு. பொண்ணு வேணாம்னா என்ன செய்வாக தெரியுமா? வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாக. காது வெட்டைப் பாத்துப் பாத்து அந்த ஆட்டை மட்டும் பிரிச்சு, பொண்ணு வீட்டுக் கிடைக்குப் பத்தி விட்டுருவாக. ஆடு திரும்பிருச்சுன்னா எல்லாம் தீந்துருச்சுன்னு அர்த்தம். தாலியைக் கழட்டிக் கையில குடுத்த மாதிரி. இதை மனசுல வச்சுக்கங்க. இது தெரியாதவுகதான் என்னைக் கொறை சொல்லுறாக.

கல்யாணத்துக்கு முந்தின வருசம் எங்க கிடையில குட்டி வீச்சு. வீச்சுன்னா, சினை ஆடு மாசம் நெறையாமலே குட்டியைக் கீழ போட்டுரும். விடிஞ்சு பாத்தா முடி மொளைக்காத குட்டி அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கெடக்கும். நாய் இழுத்துக்கிட்டுத் திரியும். மழைக்கு மொளைச்ச கொழுந்துப் புல்லை வயிறு முட்டத் தின்னா அப்படி ஆகும். எல்லாக் கிடையிலயும் ஒரு வருசம் இல்லாட்டி ஒரு வருசம் வரும், போகும். எங்களுக்கும் வந்துச்சு, போயிருச்சு.

கல்யாணம் பேசி முடிச்சதும் எங்க வீட்டுக்காரவுக சொன்னாக, "இளம் மறியாப் பொறுக்கிக் குடுப்போம் புள்ள, இன்னும் ஈனாததுக, பாக்க லெச்சணமா இருக்கும்"னு. நான் சிரிச்சுட்டேன். ஆம்பளைக்கு லெச்சணந்தான் தெரியும். தாயி, ஒரு தரம் வீசின ஆடு மறுதரம் வீசாது. இதை எந்தப் புத்தகத்துலயும் பாக்க முடியாது, கிடையிலயே பெறந்து கிடையிலயே கெடந்தவுகளுக்குத்தான் தெரியும். அம்மை போட்ட புள்ளைக்கு மறுக்கா அம்மை போடாதுல்ல? அதே கணக்கு. ஈனாத மறிக்குத்தான் பயம், நாளைக்கு வீசுமோ என்னமோ. வீசி முடிச்சதுக்கு என்ன பயம்? அதனால அந்த முந்தின வருசம் வீசின ஆடுகளாப் பாத்து என் கையால பொறுக்கினேன். ஒவ்வொண்ணையும் மடியைத் தடவி, பல்லைப் பாத்து, முதுகை அமுக்கிப் பாத்துப் பொறுக்கினேன். என் மக போற எடத்துல ஒரு குட்டி கூடச் சேதம் ஆகக் கூடாது, ஒருத்தி அவளை ஒரு சொல்லு சொல்லக் கூடாது. இதுதான் என் மனசுல இருந்துச்சு. கிடையில இருந்த நல்ல ஆடு அம்புட்டையும் அவளுக்குக் குடுத்துட்டேன்.

நான் சொன்னபடி நடந்துச்சா இல்லையா? நடந்துச்சு. அந்த வருச ஈத்துல என் மக ஆடு ஒண்ணு கூட வீசல. ஒவ்வொண்ணும் உருண்டை உருண்டையாக் குட்டி போட்டுச்சு. சிகப்பியே ஆளு விட்டுச் சொல்லி அனுப்பினா, "உங்க பொண்ணு காலு எடுத்து வச்ச நேரம் சீதேவியே வந்த மாதிரி இருக்கு"ன்னு. சொன்னவதான் அவ. அந்த நாக்குதான்.

பூமயிலுக்கு ஈத்துக் கை. ஆடு முக்குறதைப் பாத்தே குட்டி தலை வருதா காலு வருதான்னு சொல்லுவா. கையை விட்டுப் பதமாத் திருப்பி எடுத்துருவா. மூச்சு வராத குட்டிக்கு வாயோட வாய் வச்சு ஊதி உசுரு குடுப்பா. நான் பழக்கினது. புகுந்த வீட்டுலயும் ஈத்து வேலை பூராவும் அவ தலையிலதான். அவ இல்லாட்டி அந்தக் கிடையில நல்லபடியா ஒரு ஆடு ஈனாதுன்னு மாமனாரே சொல்லுவாரு.

அடுத்த ஈத்துலதான் சனியன் பிடிச்சுச்சு. சிகப்பி வீட்டு ஆடு வீச ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு போயி, அப்புறம் எண்ண முடியாம. என் மகதான் செத்த குட்டியை எல்லாம் அள்ளிப் போட்டா. உள்ள தங்கின நஞ்சுக்கொடியைக் கையை விட்டு உருவினதும் அவதான். அதே கிடையில அவ ஆடு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டு இருக்கு. பாக்குறவ வயிறு எரியுமா எரியாதா? நான் ஒரு தரம் பாக்கப் போயிருந்தப்ப சும்மா இல்லாமச் சொன்னேன், "என்ன மதினி, எங்க வீட்டு ஆட்டுக்கிட்ட உங்க ஆடு கொஞ்சம் பாடம் படிக்கலாமே"ன்னு. கேலிக்குத்தான் சொன்னேன். அவ முகம் கடுத்துப்போச்சு.

அன்னைக்குச் சொன்னா அந்த வார்த்தையை. "உன் மக ஆடு என் ஆட்டு வயித்தை எல்லாம் தின்னுக்கிட்டு இருக்கு. அது வந்த நாள்ல இருந்துதான் இது. நீ ஏதோ செஞ்சு அனுப்பியிருக்கே." என்கிட்ட நேராச் சொல்லுறா தாயி. நான் விடுவேனா. "உன் ஆடு வீசினா நீ வச்ச தீனியைப் பாரு, போட்ட கிடையைப் பாரு, உன் கண்ணை முதல்ல பாரு. என் மக சீரைச் சொன்னே, நாக்கு அழுகிரும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கூரிச்சாமி போயி கால்நடை டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். சின்ன வயசுப் பொண்ணு, கண்ணாடி போட்டது. ஆட்டுக் கழுத்துல ஊசி குத்தி ரத்தம் எடுத்துச்சு. வெள்ளைத் தட்டுல ஒரு சொட்டு விட்டு, மேல ரோசாக் கலருல எதையோ விட்டுக் குச்சியால கலக்கிச்சு. தயிரு திரிஞ்ச மாதிரித் திரிஞ்சா நோயி இருக்காம், திரியலைன்னா இல்லையாம். என் மக ஆடு அம்புட்டும் திரிஞ்சுச்சு. அவுக ஆட்டுலயும் பாதி திரிஞ்சுச்சு. புரூசெல்லோசிசுன்னு ஒரு பேரு சொன்னுச்சு, நாலு தரம் கேட்டும் எனக்கு வாயில ஏறல.

நானும் அன்னைக்குப் போயிருந்தேன், மக ஆளு விட்டுத் தாக்கல் சொல்லியிருந்தா. டாக்டரம்மா என்கிட்டயே கேட்டுச்சு, "இந்த ஆடுக எப்பவாச்சும் குட்டி வீசியிருக்காம்மா?"

"வீசியிருக்கு. அதனாலதான் இனிமே வீசாது"ன்னேன்.

"ஆமாம்மா, பெரும்பாலும் வீசாது. நல்லா ஈனும், பாக்கத் திடமா இருக்கும். ஆனா கிருமி உள்ளயே இருக்கும். ஈனுறப்ப எல்லாம் நஞ்சுக்கொடியிலயும் பனிக்குடத் தண்ணியிலயும் வெளிய வரும், பாலுலயும் வரும். மத்த ஆடு அதை மோந்து நக்கி வாங்கிக்கிடும். இந்த ஆடுகளைப் பிரிச்சிரணும். வெறுங்கையோட ஈத்துப் பாக்கக் கூடாது. பாலைக் கொதிக்க வைக்காமக் குடிக்கக் கூடாது. மனுசருக்கும் வரும்"னு சொன்னுச்சு.

கேட்டீகளா கதையை? வீசுற ஆட்டை விட்டுட்டு ஒழுங்கா ஈனுற ஆட்டுக்கு நோயாம். திருடனை விட்டுட்டுக் கதவைத் தட்டினவனைக் கட்டி வச்ச கதை. வீசாதுன்னு நான் சொன்னதை அதுவே ஒத்துக்கிடுது பாத்துக்கங்க, ஆமாம்மான்னு சொன்னுச்சா இல்லையா? அப்புறம் என்ன நோயி? படிச்ச புள்ள, பாவம், சிகப்பி என்னத்தைச் சொல்லிக் குடுத்தாளோ. போறப்ப பூமயிலு கையில உறை ஒரு கட்டு குடுத்துட்டுப் போச்சு. அதை மாட்டிக்கிட்டுத்தான் குட்டி எடுக்கணுமாம். மறுநா காலையில இவளும் மாட்டிக்கிட்டு நிக்கிறா. நான் சொன்னேன், "ஏண்டி, நாளைக்கு நீ பெத்தா உன் புள்ளையையும் உறை மாட்டிக்கிட்டுத்தான் தூக்குவியா? பாக்குற ஆடு என்ன நெனைக்கும்?" அவளும் சிரிச்சுக்கிட்டே கழட்டிப் போட்டுட்டா. என் பேச்சை அவ தட்ட மாட்டா தாயி. அன்னைக்கும் தட்டல, என்னைக்கும் தட்டல.

சம்பந்தகாரரு நல்லாண்டி நல்ல மனுசந்தான், பொண்டாட்டி பேச்சுக்கு ஆடுறவரு. எங்க கிடைக்கு வந்து உக்காந்து தன்மையாத்தான் பேசினாரு. "சீர் ஆட்டை மட்டும் நீங்க பத்திக்கிட்டுப் போயிருங்க. மருமக எங்க வீட்டுல இருக்கட்டும், அவ எங்க புள்ள. அதுக்குப் பதிலா என் ஆட்டுல நோயில்லாததாப் பாத்து அதே அளவு பிரிச்சு அவ பேருல விட்டுர்றேன். வேணும்னா காதுல உங்க வெட்டையே போட்டுக்கங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரவுக தலையை ஆட்டிக்கிட்டு இருக்காக. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆட்டைப் பத்திக்கிட்டு வர்றதா? இன்னைக்கு ஆட்டைத் திருப்புவாக, நாலு நாளு கழிச்சு, ஆடுதான் அப்பவே போயிருச்சே, இன்னும் நீ ஏன் நிக்கிறேன்னு மகளைத் திருப்புவாக. இந்த ஊர்ச் சோத்தைத்தான் நானும் திங்கிறேன், எனக்குத் தெரியாதா?

பெரியாளுக கூடினாக, எங்க அய்யனார் கோயில்ல. பொம்பளை பேசக் கூடாதும்பாக. நான் எந்திரிச்சு நின்னு பேசினேன். "சீர் ஆடு திரும்பினா பொண்ணு திரும்பினதா அர்த்தம் உண்டா இல்லையா? நம்ம சனத்துல ஒருத்தர் இல்லைன்னு சொல்லுங்க, நான் இப்பவே ஆட்டைப் பத்திக்கிட்டுப் போறேன்"னேன். பெரியாளுகள்ல ஒருத்தரு உண்டுன்னு தலையை ஆட்டினாரு. "என் மக என்ன தப்புச் செஞ்சா? சோறு ஆக்கலையா, கிடை காக்கலையா, உங்க செத்த குட்டியை எல்லாம் அள்ளிப் போடலையா? ஆடு அங்கதான் நிக்கணும். என் மகளும் அங்கதான் நிக்கணும்." இப்படித்தான் பேசினேன். பேசி முடிக்கிறப்ப நாலு பேரு கண்ணுல தண்ணி. பெரியாளுக என் பக்கம் தீர்ப்புச் சொன்னாக, ஆடு அசையக் கூடாதுன்னு. சிகப்பி மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க. என் ஆயுசுல நான் ஜெயிச்சது அந்த ஒரு எடந்தான் தாயி. மகளுக்காக ஜெயிச்சேன்.

அதுக்கு அப்புறம் அவ மாசமா இருந்தா. எனக்குக் காலு தரையில நிக்கல. ஆறாம் மாசம் ஒரு காச்சல் வந்துச்சு. வரும், வேத்துக் கொட்டும், விடும், மறுக்கா வரும். இடுப்பு உளையுதுன்னா. மாசமா இருக்குறவளுக்கு உளையாதா, நான் அஞ்சு பெத்தவ, எனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். அந்த வாரமே புள்ளை போயிருச்சு. ஆம்பளைப் புள்ளை. கண்ணு மூக்கு எல்லாம் அவ அப்பன் மாதிரியே இருந்துச்சுன்னு சொன்னாக. நான் பாக்கல. பாக்க என்னால முடியல. மறு வருசம் மறுபடி தங்குச்சு, அதுவும் நாலாம் மாசத்துல கரைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில கேக்குறாக, ஆடு மாடு வச்சிருக்கீகளான்னு. நோயாளி வயித்துல இருந்தது போயிருச்சுன்னு வந்தா ஆடு இருக்கான்னு கேள்வி. இல்லைன்னுட்டேன். இருக்குன்னா அங்கயும் நம்ம சீர் ஆட்டு மேலதான் பழியைப் போடுவாக.

சிகப்பி அதுக்குள்ள ஊரு பூராவும் பரப்பிட்டா. அவ ஆடு எங்க ஆட்டு வயித்தைத் தின்னுச்சு, கடைசியில அவ வயித்தையே தின்னுருச்சுன்னு. அவுக கிடையும் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஈனாத ஆட்டை வச்சு என்ன செய்ய? கறிக்குத் தள்ளினாக. கடைசியில எங்க காது வெட்டு ஆடுதான் அந்தக் கிடையிலயே அதிகம். பெருகுச்சுன்னா அப்படிப் பெருகுச்சு. சீருன்னா அதுல்ல சீரு. யாரு கண்ணுக்கும் அது நல்லதாத் தெரியலையே.

ஒரு நா ஒரு வண்டி வந்து எங்க கிடையை ஒட்டி நின்னுச்சு. பின்னால ஆடு. முன்னால டிரைவர் பக்கத்துல என் மக, போர்வையைப் போத்திக்கிட்டு. நல்லாண்டி எறங்கினாரு, ஆட்டை எறக்கி விட்டாரு, என் மகளை எறக்கி விட்டாரு. என் முகத்தைப் பாக்கவே இல்ல. ஒரு வார்த்தை பேசல. எங்க சனத்துல அதுக்கு மேல பேச்சு எதுக்கு. ஆடு எங்க கிடையைப் பாத்ததும் ஓடி வந்து கலந்துக்கிச்சு. இவ நின்ன எடத்துலயே நின்னா.

பெரியாளுககிட்டப் போனேன். போன தரம் என் பக்கம் பேசினவுக இந்தத் தரம் வெத்தலையை மென்னுக்கிட்டு இருந்தாக. "புள்ளை தங்காத பொண்ணு, நாங்க என்னத்தா சொல்ல முடியும்"னாக.

இல்ல தாயி, மருமகன் வந்தான். அதைச் சொல்லணும்ல. ஆத்தாகாரிக்குத் தெரியாம ஒரு ஆட்டோவைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். "அத்தை, பூமயிலைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போறேன். பெரிய ஆஸ்பத்திரியில காட்டுவோம். டாக்டரம்மா சொன்னாக, இது குணமாகுற நோயிதானாம், மாத்திரையை விடாமத் தின்னணுமாம். நாங்க டவுனுல தனியா இருந்துக்கிறோம். எனக்கு ஆடே வேணாம், ஒரு கடையில வேலை பேசியிருக்கேன்"னான். அழுதான் தாயி, ஆம்பளைப் புள்ள.

நான் என்ன சொல்லியிருக்கணும், நீங்களே சொல்லுங்க. பத்தி விட்ட ஆட்டை அவுகளே வந்து பத்திக்கிட்டுப் போனாத்தான் அந்தப் பொண்ணு மறுபடி பொண்டாட்டி. ஆடு இல்லாமப் போனா அதுக்குப் பேரே வேற, கூத்தியான்னுதான் சொல்லுவாக. நாளைக்குச் சிகப்பி அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா. "ஆட்டையும் பத்திக்கிட்டுப் போங்க மாப்ள, என் மகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டும் சேந்துதான் வந்துச்சு, சேந்துதான் போகும்"னேன். அவன் கையைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறான், "அத்தை, அந்த ஆடுதான் அத்தை அவளைத் தின்னுச்சு"ங்கிறான். அவனும் ஆத்தா பேச்சைத்தான் பேசுறான் பாருங்க.

எங்க வீட்டுக்காரவுக சொன்னாக, "போகட்டும் விடு இருளாயி"ன்னு. சரி, நான் எதுக்குக் கெட்ட பேரு வாங்கணும், அவளையே கேட்டுருவோம்னு கேட்டேன். "பூமயிலு, நீயே சொல்லு. போறியா?"

அவ அந்தப் போர்வையோட எந்திரிச்சு உக்காந்தா. ஆட்டோவைப் பாத்தா, அவனைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. "ஆடு இல்லாம எப்படிப் போறது, ஆத்தா வருத்தப்படுவாக"ன்னா அவன்கிட்ட. அம்புட்டுத்தான். எனக்குப் பெத்த வயிறு குளுந்துபோச்சு. இப்படி ஒரு புள்ளையைப் பெறணும்னா நான் எந்த ஜென்மத்துலயோ புண்ணியம் செஞ்சிருக்கணும்னு நெனச்சேன்.

அவன் ஆட்டோவுல இருந்து ஒரு பை மாத்திரையை எடுத்து எங்க குடிசை வாசல்ல வச்சான். ரெண்டு வித மாத்திரை, ஒண்ணரை மாசத்துக்கு ஒரு வேளை கூட விடக் கூடாதுன்னு சொன்னான். இதையாச்சும் குடுங்க அத்தைன்னான். போயிட்டான். நான் குடுத்தேன். குடுக்கலைன்னு நெனைக்காதீக. நாலு நா, அஞ்சு நா குடுத்திருப்பேன். காச்சல் கூடக் கொஞ்சம் விட்டுச்சு, எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சா, தலை சீவச் சொன்னா. ஒரு நா காலையில ஒண்ணுக்குப் போயிட்டு வந்து சொல்லுறா, ஆத்தா செவப்பாப் போகுதுன்னு. போயிப் பாத்தேன். செவசெவன்னு இருக்கு. உள்ள இருக்குற ரத்தத்தை எல்லாம் கரைச்சு வெளிய எடுக்குது அந்த மாத்திரை. மாத்திரையைக் குடுத்தது யாரு? சிகப்பி மகன். அவன் நல்லவந்தான், ஆனா பைக்குள்ள யாரு எதைப் போட்டாகளோ, யாரு கண்டா? அம்புட்டையும் கொண்டுபோயிக் கம்மாயில எறிஞ்சேன். மறுநாளே ஒண்ணுக்கு வெள்ளையாப் போச்சு. பாத்தீகளா? நான் கவனிச்சதால பொழைச்சா.

மெடிக்கல்ல ஒருத்தன் சொன்னான், அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயமில்லைன்னு. கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான்.

அதுக்கு அப்புறம் காச்சல் போகல. இப்ப இடுப்பை நிமித்த முடியல. ஒண்ணுக்கு ரெண்டுக்கு நான் தூக்கிக்கிட்டுப் போறேன். கல்யாணத்தப்ப எங்க வீட்டுக்காரவுக தோளு ஒசரம் இருப்பா தாயி, சுமக்குறப்பத்தான் தெரியுது, ஒண்ணுமே இல்ல அவகிட்ட. ஆட்டுப்பாலைக் காச்சாமப் பச்சையாக் குடுத்துப் பாத்தேன், அந்தச் சீர் ஆட்டுப் பாலு, திடமான பாலு. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இப்பக் கொஞ்ச நாளா சாயந்தரமானா முட்டு வலிக்குது, வேத்துக் கொட்டுது. வயசாச்சு.

இந்த வருசம் எங்க கிடையிலயும் வீச ஆரம்பிச்சிருச்சு. இளம் மறி எல்லாம் வீசிருச்சு. இது யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும், நீங்களும் கதையைக் கேட்டீக, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வண்டியில ஆட்டை எறக்கி விட்டப்ப அதுக கூட எதை எறக்கி விட்டாகளோ. ஆனா ஒண்ணு, சீர் ஆடு மட்டும் அப்படியே நிக்குது. ஒரு குட்டி சேதம் இல்ல. இந்தக் கொடாப்புல கெடக்குறதுல முக்காவாசி அதுக போட்டதுதான். பெரியவ முடியாமக் கெடக்கா, அடுத்தவளுக்கு ஆவணியில பாக்கலாம்னு இருக்கோம். அவளுக்குச் சீருக்குப் பிரச்சினை இல்ல.

வைகாசியில கூரிச்சாமிக்கு வேற எடத்துல கல்யாணம் முடிஞ்சிருச்சு. ஆடு இல்லாத வீட்டுப் பொண்ணாம். மேளச் சத்தம் கேக்காத தூரத்துல இருக்கணும்னுதான் இம்புட்டுத் தூரம் பத்திக்கிட்டு உங்க ஊருக்கு வந்தோம். பூமயிலுக்குத் தெரியாது. ரோட்டுல ஆட்டோ சத்தம் கேட்டா தலையைத் தூக்குறா. நிக்காமப் போயிட்டா படுத்துக்கிடுறா.

எனக்கு மனசு ஆறல தாயி. நான் எதுல கொறை வச்சேன்? கிடையிலயே நல்ல ஆட்டைக் குடுத்தேன். கூட்டத்துல நின்னு பேசினேன். கண்ட மாத்திரையைத் தின்ன விடாமக் காப்பாத்தினேன். எல்லாம் செஞ்சும் அவ இப்படிக் கெடக்குறதைப் பாக்குறப்ப, என் உசுரை எடுத்துக்கிட்டு அவளை எழுப்பி விட்டுரக் கூடாதான்னு இருக்கு.

எந்திரிச்சுட்டீகளா? இருட்டப் போகுது, போங்க. போறதுக்கு முந்தி குடிசைக்குள்ள தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீகளா? புண்ணியமாப் போகும். "உன் புருசனை ரோட்டுல பாத்தேன், நாளைக்கு வர்றேன்னான்"னு சொல்லுங்க. உங்களை அவளுக்குத் தெரியாது, அதனால நம்புவா. நான் சொன்னா இப்பெல்லாம் கண்ணை மூடிக்கிடுறா.